பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு

பண்டிகைக்காலத் தள்ளுபடி விற்பனை தொடங்கிய சில நாட்களிலேயே நகரங்களின் குப்பைத் தொட்டிகளில் அது தெரிந்துவிடுகிறது. ஒரு சிறு கைபேசி உறைக்கு ஓர் அட்டைப்பெட்டி. அதனுள் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள். சுற்றிலும் பசை நாடா. மேலே முகவரிச் சீட்டு ஒட்டிய பிளாஸ்டிக் கவர். இவற்றைத் தரம் பிரிப்பது நுகர்வோரின் கடமை என்று உணர்த்துவதைப் போல, பெட்டியின் மீதே மறுசுழற்சி முத்திரை அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தக் கடமையை யாரும் மறுக்கவில்லை. வீடுகளிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் கூறின. பிரித்த பிறகு அது எங்கே போகிறது என்பதே கேள்வி.

அட்டைப்பெட்டிக்கு விலை உண்டு. தட்டையாக மடித்து நனையாமல் வைத்தால், தில்லியின் கபாடி வியாபாரி எடை போட்டுப் பணம் தந்து வாங்கிச் செல்கிறார்; அது ஆலைக்குச் சென்று மீண்டும் அட்டையாகிறது. பருப்பும் தேயிலைச் சக்கையும் பட்டு ஊறிய அட்டையை அவர் தொடமாட்டார். பிளாஸ்டிக் கவரின் கதை வேறு. அது எடை குறைவானது. காகிதச் சீட்டும் பசையும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிக்கும் உழைப்புக்கு ஈடான விலை கிடைப்பதில்லை. எனவே பெரும்பாலும் குப்பை மலைகளுக்கோ எரி உலைகளுக்கோ போய்ச் சேர்கிறது. தில்லி காஜிப்பூரில் அப்படியொரு மலை 2017 செப்டம்பரில் சரிந்து இருவர் உயிரிழந்தனர்.

நிறுவனங்களின் பொறுப்பு இங்கேதான் தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் உறைகளைச் சந்தைக்குக் கொண்டுவருவோரே அவற்றின் மறுசுழற்சிக்கும் பொறுப்பு என்று 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறைகளும் சொல்கின்றன. ஆனால் மறுசுழற்சியாளர்களிடமிருந்து சான்றிதழை விலைக்கு வாங்கினாலே பொறுப்பு தீர்ந்துவிடும் என்ற ஏற்பாடும் அவற்றிலேயே உள்ளது. சான்றிதழ் சரக்கானால் போலிச் சரக்கும் வரத்தானே செய்யும்? குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடக மாநிலங்களில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் உருவாக்கப்பட்டதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது. இதற்கிடையே, 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவு மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்தச் சுமை கடைசியில் இறங்குவது குப்பை சேகரிப்பவருக்குத் தரும் விலையில்தான்.

இந்நாட்டில் மறுசுழற்சி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இவர்களுடைய உழைப்பு. இவர்களில் தலித்துகள், சிறுபான்மையினர், வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் புலம்பெயர்ந்தோர் ஏராளம். 2025 ஜூலையில் குருகிராமில், வங்கதேசத்தினர் என்ற சந்தேகத்தைக் காரணம் காட்டி, வங்கமொழி பேசும் தொழிலாளர்களைக் காவல்துறை பிடித்துச் சமூகக் கூடங்களில் அடைத்தது. அச்சத்தில் பலர் குடும்பத்தோடு வெளியேறினர். விரைவிலேயே நகரின் பல பகுதிகளில் குப்பை அள்ளப்படாமல் தேங்கிக் கிடந்தது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட முத்திரை எதையும் அள்ளிச் செல்லவில்லை. அள்ளியவர்களுக்கோ குடியுரிமைச் சந்தேகமே பரிசாகக் கிடைத்தது.

சான்றிதழுக்குச் செலவிடப்படும் பணத்தில் ஒரு பங்கு, சேகரிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் நேரடியாகத் தொழிலாளிக்குச் சேர வேண்டும். வார்டுதோறும் தரம் பிரிக்கும் கூடம், மாநகராட்சி அடையாள அட்டை, பிளாஸ்டிக் கழிவு மீதான வரிக் குறைப்பு ஆகியவை உடனடிக் கோரிக்கைகள். இவை கானல்நீர் அல்ல. புனேயில் 1993இல் சங்கமாகத் திரண்ட குப்பை சேகரிப்போர், பின்னர் ஸ்வச் கூட்டுறவின் மூலம் வீடுவீடாகச் சேகரிக்கும் பணியை மாநகராட்சி ஒப்பந்தமாகவே பெற்றனர்.

தோழர்கள் வசிக்கும் குடியிருப்புகளில் இதை இப்போதே தொடங்கலாம். சீட்டைக் கிழித்தெடுத்து, பெட்டியை மடித்து, உலர்ந்த நிலையில் அதை வாசலுக்கு வரும் தொழிலாளியின் கையிலேயே ஒப்படைக்கலாம். அவர் நிழலில் அமர்ந்து பிரிக்க இடம் தருமாறு குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் கோரலாம். அவரைத் தொழிற்சங்கத்தில் உறுப்பினராக்கும் பணியைக் கிளைகள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே சேர்க்க வேண்டும்.