பேத்தமங்களாவுக்கு ஏன் தாழ்ந்த அளவுகோல்?

பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்களா ஏரியிலிருந்துதான் கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் சென்றது. அதற்கென வடிகட்டும் நிலையமும் எந்திரங்களும் நெடுந்தொலைவுக் குழாய்களும் அமைந்தன. அதே தங்கவயலில், தொழிலாளர் குடியிருப்புகளின் உலர் கழிப்பிடங்களை மனிதர்கள் பல தலைமுறைகளாகக் கையால் அள்ளிச் சுமந்தார்கள். அக்கொடுமையை எதிர்த்துப் போராடி 2016இல் மகசேசே விருது பெற்ற பெசவாடா வில்சன் அவ்வூரில் பிறந்தவரே. நீர் வரும் வழிக்குப் பொறியியல், கழிவு போகும் வழிக்குச் சாதி என்பதே அன்றைய ஏற்பாடு. இன்று அள்ளும் கை மறைக்கப்படுகிறது. கழிவை எளியவர் பக்கம் தள்ளிவிடும் மனம் மாறவில்லை.

2018 ஜூன் மாதம் பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் நீர் கோலார் மாவட்டத்தின் இலட்சுமிசாகர ஏரியை அடைந்தது. அடுத்த மாதமே அங்கு நுரை பொங்கியது. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019இல் நீர் மீண்டும் தடையின்றி ஓடியது. வறண்ட ஏரிகள் நிரம்பின, கிணறுகளில் நீர் ஊறியது என்பது உண்மை. ஆயிரம் அடி துளைத்தும் நீர் காணாத உழவர் அதை வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால் தாகத்தைக் காட்டித் தரத்தைக் குறைப்பது நீதியாகாது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு கரிமக் கழிவைப் பெரிதும் நீக்கும். நைட்ரஜனும் பாஸ்பரசும் நோய்க்கிருமிகளும் எஞ்சக்கூடும். அந்நீர் நிலத்தடிக்கு இறங்கும் மாவட்டத்தில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பைக் கேட்பது பேராசையன்று.

இந்த ஓரவஞ்சனை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2015இல் நடுவண் அரசு வெளியிட்ட வரைவு, சுத்திகரித்த நீரின் உயிர்வேதி ஆக்சிசன் தேவை லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்றது. நைட்ரஜனுக்கும் வரம்பு வகுத்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையிலோ அந்த அளவு பெருநகரங்களுக்கு 20, பிற ஊர்களுக்கு 30 என உயர்ந்தது. நைட்ரஜன் வரம்பு காணாமல் போனது. சிற்றூர் மக்களின் குடல் பெருநகரத்தாரின் குடலைவிட வலியதா?

சிறு நகராட்சிகளிடம் பணமில்லை என்பர். பெங்களூரின் ஜக்கூர் ஏரியில், சுத்திகரிப்பு நிலையத்து நீர் கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பு வழியே சென்று மேலும் தெளிந்து ஏரியில் சேர்கிறது. நிலம் மலிவான சிற்றூர்களுக்கு இவ்வழி இன்னும் எளிது. நிலையங்களைக் கட்டிவிட்டால் மட்டும் போதாது: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்திய நகரங்களில் நாள்தோறும் உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர், நிறுவிய கொள்ளளவு 31,841, உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,236 மட்டுமே. நிறுவியதிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயனற்றுக் கிடக்கிறது. இயக்குவோருக்கு ஊதியமும் மின்கட்டணமும் ஆண்டுதோறும் ஒதுக்காத திட்டம், திறப்பு விழாக் கல்வெட்டுக்கே உதவும்.

கழிவுநீரின் தரத்தை வெளியேற்றும் ஊரின் தகுதி தீர்மானிக்கக் கூடாது. கீழே அதைக் குடிப்பவரின் தேவையே தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு ஏரியின் நீராய்வு முடிவும் அதன் கரையிலேயே, கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். பேத்தமங்களாவைக் கடக்கும் பாலாறு வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் செல்கிறது. மேட்டில் தளர்த்தும் ஒவ்வொரு விதியும் பள்ளத்தில் ஒருவர் குவளையில் வந்து நிற்கும்.