புகையைக் கண்டதும் எஞ்சினைப் பிரிக்கலாமா?

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய மோட்டார் சைக்கிள் ஆயில் குடிக்கத் தொடங்கிவிட்டதென்று பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், மெக்கானிக் சைலன்சரின் வாயை விரலால் துடைத்து முகர்ந்து, ஆக்ஸிலேட்டரை இரண்டு தரம் முறுக்கி, வெளிவரும் புகையைக் கண்ணால் அளந்துவிட்டு, "ரிங் போயிருச்சு சார், எஞ்சினை இறக்கி ரீபோர் பண்ணிரலாம்" என்று தீர்ப்புச் சொல்வதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆவதில்லை. அந்தத் தீர்ப்பு பல சமயங்களில் சரியாகவே இருந்துவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பரீட்சை ஏதும் செய்யாமல் சொன்ன தீர்ப்பு சரியாக அமைவது அதிர்ஷ்டமே அன்றித் தொழில்ஞானம் ஆகாதென்பதும், அது பிசகிப்போகும் சமயங்களில் நஷ்டம் முழுவதும் வண்டிக்காரர் தலையிலேயே விடிகிறது என்பதுமே என் அபிப்ராயம்.

முதலாவதாக, ஆயில் குறைகிறது என்பதே நிரூபிக்கப்படவேண்டிய ஒரு விஷயம். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு "பாதி காலி" என்று பதறுகிறவர்கள் எத்தனையோ பேர். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, மேல்கோடு வரை ஆயில் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, 500 கிலோமீட்டர் ஓட்டியபின், அதே இடத்தில் அதே விதமாக நிறுத்தி, மில்லி லிட்டர் கோடு போட்ட குவளையால் மறுபடியும் மேல்கோடு வரை ஊற்றினால், உண்மையான கணக்கு கைக்கு வந்துவிடும். எந்த எஞ்சினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். சிலிண்டர்ச் சுவரில் படியும் மெல்லிய படலத்தில் ஒரு பகுதி தீயோடு போவது இயற்கை. குறைவு நாளுக்கு நாள் அதிகமாகிறதா என்பதே கேள்வி. அதற்கு ஒரு தடவை அளந்தால் போதாது.

நம் ஊர்ச் சரக்காகவே ஆகிவிட்ட ஒரு வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் தோன்றி, 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரோடு ஏற்பட்ட கூட்டினால் சென்னைக்கு வந்து, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பல தசாப்தங்கள் அடிப்படை அமைப்பு மாறாமல் உருவாகிவந்த 350 புல்லட்டின் பழைய இரும்பு எஞ்சினைத்தான் சொல்கிறேன். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள அந்த ஒற்றைச் சிலிண்டருக்கு வேண்டிய ஆயில், கிராங்க் கேஸோடு சேர்ந்தே தனி அறையாக வார்க்கப்பட்ட தொட்டியில் இருக்கிறது. ஒரு பம்பு அதைக் கிராங்குக்கு அனுப்ப, இன்னொரு பம்பு கீழே வடிந்ததை இறைத்துத் தொட்டிக்கே திருப்பிவிடுகிறது. வண்டி சில வாரங்கள் ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டால், தொட்டியிலுள்ள ஆயில் பம்பின் இடுக்கு வழியாக மெல்லமெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அப்போது குச்சியை எடுத்துப் பார்க்கும் சொந்தக்காரர், ஆயில் தீர்ந்துபோயிற்று என்று எண்ணி அரை லிட்டர் ஊற்றுகிறார். கிக்கரை மிதித்ததும், கீழே குளமாகத் தேங்கியிருந்த ஆயிலைக் கிராங்க் வாரி அடிக்க, ரிங்குகள் வழித்து மாளாமல் ஒரு பங்கு எரிந்து தெருவெல்லாம் நீலப் புகை சூழ்கிறது. பம்பு இறைத்து முடித்ததும் தொட்டி நிரம்பி வழிந்து, உபரி ஆயில் மூச்சுக்குழாய் வழியாக வெளியே கொட்டுகிறது. குறைந்ததும் பொய், ஊற்றியதும் வீண். வண்டியைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு, நிறுத்தி, அதன்பின் அளவு பார்த்திருந்தால் இந்தக் கூத்து ஒன்றும் நடந்திராது.

அந்த மூச்சுக்குழாயையும் சற்றுக் கவனிக்கவேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் அதன் அடியிலுள்ள காற்று எங்காவது வெளியேறியாக வேண்டும். அதற்காக வைத்த குழாயின் முனையில், வெளியே விட்டு உள்ளே விடாத ரப்பர் வாய் ஒன்று இருக்கிறது. சில ரூபாய் பெறும் அந்த ரப்பர் விறைத்தோ அடைபட்டோ போனால், உள்ளே அமுக்கம் ஏறி, டேப்பட் மூடி, ராக்கர் மூடி என்று கண்ட இடுக்கிலெல்லாம் ஆயிலைத் தள்ளுவதோடு, ரிங்குகளைத் தாண்டி மேலேயும் ஏற்றிவிடும். அதேபோல் கிராங்கின் இடப்புற சீல் தேய்ந்தால், எஞ்சின் ஆயில் கிளட்ச் பக்கத்துச் செயின் கேஸில் போய்ச் சேரும். ஒருபுறம் குறைந்தது மறுபுறம் ஏறியிருக்கும். இந்த இரண்டுக்கும், சிலிண்டரைக் குடையும் ரீபோர் எந்த விதத்தில் பரிகாரம்?

புகைதான் என்றால், அது எப்போது வருகிறது என்பதே பெரிய லட்சணம். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் குப்பென்று ஒரு தரம் புகைந்து அடங்கினால், வால்வு சீல் அல்லது கைடு மீது சந்தேகம் கொள்ளலாம். ஏற்காடு மலையிலிருந்து ஆக்ஸிலேட்டரை மூடியபடி இறங்கிவந்து, அடிவாரத்தில் முறுக்கும்போது மட்டும் புகைந்தாலும் குற்றவாளி பெரும்பாலும் வால்வு கைடே. ஆள் ஏற்றி மேட்டில் இழுக்கும்போது விடாமல் புகைந்தால்தான் ரிங்கையும் சிலிண்டர் போரையும் நினைக்கவேண்டும். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகமென்று காட்டுவது. கார்புரேட்டரைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும். குளிர்காலக் காலையின் வெண்புகை வெறும் நீராவி. (யெஸ்டியும் ஆர்எக்ஸ் 100உம் ஓட்டிப் பழகிய தலைமுறைக்கு நீலப் புகையைக் கண்டு கவலையே வராது, பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிப்பதுதான் அந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் தர்மம். அந்த நிதானத்தை ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் கடைப்பிடித்து, ஆயில் குறைந்து கேம் தேயும் வரை பேசாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு.)

இதற்குப் பின்பும் சந்தேகம் தீரவில்லையானால் கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து கிக்கரை மிதித்து அமுக்கத்தைக் குறித்துக்கொண்டு, பிளக் துவாரத்தில் ஒரு சிறு கரண்டி ஆயிலை விட்டு மறுபடி மிதிக்கவேண்டும். அமுக்கம் நன்றாக ஏறினால் கசிவு ரிங் வழியே. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பக்கம். ஆயினும் அமுக்கம் சரியாக இருப்பதாலேயே ரிங்கை விடுதலை செய்துவிடக் கூடாது. மேலே இருக்கும் ரிங்குகள் அமுக்கத்தைக் காக்க, அடியில் இருக்கும் ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து அசையாமல் கிடப்பது உண்டு. அப்போது கேஜ் நல்ல எண்ணையே காட்டும், பிளக்கின் முனை மட்டும் ஈரக் கறுப்பாக நனைந்திருக்கும். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் இவ்வாறு ஒட்டிக்கொண்ட ரிங், புது ஆயில் மாற்றிச் சில நூறு கிலோமீட்டர் சீராக ஓட்டியதில் விடுபடுவதும் உண்டு.

இவ்வளவையும் செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்துக்கு மெக்கானிக்குக் கூலி கொடுக்க நாம் தயாராக இல்லை என்பதுதான் நோயின் வேர். வைத்தியர் நாடி பார்த்து மருந்து வேண்டாமென்றாலும் தட்சிணையை வைத்துவிட்டு வருகிற நாம், "சும்மா பார்த்ததுக்குக் காசா?" என்று பட்டறையில் சண்டை பிடிக்கிறோம். பார்ப்பதற்குக் காசில்லை, பிரிப்பதற்குத்தான் காசு என்று ஆகிவிட்டால், மெக்கானிக் பிரிக்கத்தான் செய்வார். அவரை வைவதில் நியாயமில்லை. வாட்டர் வாஷ், ஆயில் சர்வீஸ் என்று விலை எழுதித் தொங்கவிட்டிருக்கும் பலகையில், "சோதனைக் கட்டணம்" என்று ஒரு வரி சேர்க்கப் பட்டறைக்காரர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. அதைக் கொடுக்க நாமும் முனகவேண்டியதில்லை.

ரீபோர்தான் வழி என்று நிர்ணயமானாலும் அவசரம் ஆகாது. மேலளவு பிஸ்டன்கள் சில படிகளோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு தரம் குடையும்போதும் பிளாக்கின் ஆயுளில் ஒரு படி கழிகிறது, கடைசிப் படிக்கு அப்பால் ஸ்லீவ் இறக்குவதே கதி. ஆகையால் போரின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் இரண்டு திசைகளில் கேஜ் வைத்து அளந்த எண்களைக் காட்டச் சொல்லிக் கேட்பது வண்டிக்காரரின் உரிமை. தேய்மானம் அளவுக்குள் இருந்தால், ஹோனிங் செய்து புது ரிங் போட்டாலே போதும். கண்ணாடிபோல் வழவழத்துப்போன சுவரில் ஹோனிங் இல்லாமல் ரிங் மட்டும் மாற்றினால், அது பதியாமல் பழைய புகையே தொடரும். அளவு மீறியிருந்தால், பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுத்து, அதற்குரிய இடைவெளி விட்டுக் குடையச் சொல்லவேண்டுமே தவிர, பிளாக்கைக் குடைந்து முடித்தபின் அதற்குப் பொருந்தும் பிஸ்டனைத் தேடிக்கொண்டு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்குவது தலைகீழான காரியம்.