வரி விவரத்திரட்டும் மென்பொருளும்: மக்கள் கையில் எதைக் கொடுப்பது?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 30ஆம் திகதி நெருங்கும்போது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் பெயர் மக்களிடையே பெரிதாக அடிபடத் தொடங்கிவிடுகின்றது. முந்திய மார்ச் 31 உடன் முடிவடைந்த மதிப்பீட்டு ஆண்டுக்குரிய வருமான வரி விவரத்திரட்டைச் சமர்ப்பிப்பதற்கு அதுவே இறுதி நாளாகும். முன்னர் இக்காலத்தில் எழுந்த கேள்வி, யார் யார் வரி செலுத்த வேண்டும் என்பதாகவே இருந்தது. இப்போது அதனுடன் மற்றொரு கேள்வியும் சேர்ந்துகொண்டுள்ளது. கணக்காளர் ஒருவரை நாடாது, தமது விவரத்திரட்டைத் தாமே தயாரிக்க விரும்பும் ஒருவர் எந்த மென்பொருளை நம்புவது என்பதே அக்கேள்வியாகும்.

இது கணினி தெரிந்த கொழும்புவாசிகளின் பிரச்சினை மாத்திரமே என்று எவரேனும் கருதினால் அது தவறான கணிப்பாகும். 18 வயதைக் கடந்தோர் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு 2024 இல் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை திணைக்களத்தின் வாசலை மிதித்திராத பல இலட்சம் பேர் அதன் பதிவேட்டினுள் கொண்டுவரப்பட்டனர். இலக்கம் பெற்றவர் எல்லோரும் வரி செலுத்த வேண்டியவர் அல்லர். ஆயினும் தமது வருமானத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய தேவை பலருக்கு ஏற்பட்டுள்ளது.

வரி செலுத்துவதற்காக மாத்திரமன்றி, செலுத்திய பணத்தைத் திரும்பப் பெறுவதற்காகவும் விவரத்திரட்டு தேவைப்படுகின்றது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவருடைய நிலையான வைப்புக்கு ஆண்டுக்கு 9 இலட்சம் ரூபா வட்டி கிடைக்கின்றது என்றும், வரிக்குரிய வேறு வருமானம் எதுவும் இல்லை என்றும் வைத்துக்கொண்டால், 2025 ஏப்ரல் 1 முதல் 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்ட தனிநபர் நிவாரண எல்லைக்குள் அவர் அடங்கிவிடுகின்றார். ஒரு சதம் கூட அவர் வரியாகச் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் அதே நாளிலிருந்து வட்டி மீதான பிடித்துவைத்தல் வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக அதிகரிக்கப்பட்டதால், வங்கி 90,000 ரூபாவைக் கழித்தே அவருக்கு வட்டியைக் கொடுக்கும். அதனைத் தவிர்ப்பதற்கு அவர் உரிய பிரகடனத்தை வங்கிக்கு முன்கூட்டியே வழங்கியிருக்க வேண்டும். தவறினால் விவரத்திரட்டைச் சமர்ப்பித்து மீளக் கோர வேண்டும். 90,000 ரூபா என்பது பல குடும்பங்களில் ஓராண்டு மருந்துச் செலவு. அது திரும்பக் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும், அவருடைய கையில் எத்தகைய கருவி இருக்கின்றது என்பதிலும் தங்கியுள்ளது.

அவ்வாறானவருக்குத் தற்போதுள்ள வழிகள் சிலவே. திணைக்களத்தின் இணையவழிச் சேவையில் நேரடியாக நிரப்பலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. கணினியில் விரிதாள் ஒன்றைத் தாமே அமைத்துக் கணக்கிட்டு, கிடைத்த தொகைகளை அதில் பதியலாம். இணையத்தில் காணப்படும் தனியார் கணிப்பான்களையும் செயலிகளையும் பயன்படுத்தலாம். இவை எதுவும் இயலாதபோது, கணினி வைத்திருக்கும் யாரோ ஒருவரிடம் அடையாள இலக்கத்தையும் இரகசியக் குறியீட்டையும் ஒப்படைத்துவிட்டு வரலாம். நமது பிரதேசங்களில் இந்தக் கடைசி வழியே அதிகம் என்பது கவலைக்குரியது. வங்கிப் புத்தகத்தை அயலவரிடம் கொடுக்கத் தயங்கும் நம்மவர், தமது முழு வருமானத்தையும் வெளிப்படுத்தும் இரகசியக் குறியீட்டைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கின்றனர்.

தனியார் கணிப்பான்களைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த ஆண்டின் சட்டத்தை அறிந்து வைத்திருக்கின்றது என்பதையே. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து தனிநபர் வரி வீதங்கள் மூன்று தடவைகள் பெருமளவில் மாற்றப்பட்டுவிட்டன. மாதம் இரண்டரை இலட்சம், அதாவது ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா சம்பளம் பெறும் ஒருவருக்கு 2021/22 மதிப்பீட்டு ஆண்டில் வரி இல்லை. அப்போதைய நிவாரணம் 30 இலட்சம். அதே சம்பளத்துக்கு 2023/24 இல் 252,000 ரூபா. 2025/26 இல் 96,000 ரூபா. ஒரே வருமானத்துக்கு மூன்று விடைகள்! பழைய வீதங்களைத் திருத்தாது விட்டுவைத்திருக்கும் கணிப்பான் ஒன்று, சிறிதும் தடுமாறாமல், அழகான எழுத்துகளில் தவறான விடையைத் தரும். 2022/23ஆம் ஆண்டோ இன்னும் சிக்கலானது. முதல் 9 மாதங்களுக்கு ஒரு சட்டம், இறுதி 3 மாதங்களுக்கு இன்னொரு சட்டம் என அவ்வாண்டே இரண்டாகப் பிளந்துபோனது. பின்தங்கிய ஆண்டுகளுக்கான விவரத்திரட்டை இன்று தயாரிப்பவர் இதனைக் கவனியாமல் விடுவாராயின், தவறுக்கான விளைவைச் சுமக்க வேண்டியவர் அவரே. மென்பொருளைத் தயாரித்தவர் திணைக்களத்தின் முன் வந்து நிற்கப் போவதில்லை.

அடுத்து மொழி. தமிழும் அரசகரும மொழி என்பதை 1987 இல் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்தது. 1988 இல் 16ஆவது திருத்தம் அதன் பயன்பாட்டை விரிவாக்கியது. அரச இணையத்தளமொன்றின் முகப்பில் 'தமிழ்' என்ற பொத்தான் இருப்பதுடன் அந்தக் கடமை நிறைவேறிவிட்டதாகக் கொள்ள முடியாது. உள்ளே நுழைந்த பின்னர் வரும் ஒவ்வொரு வினாவும், விளக்கக் குறிப்பும், பிழை நேர்ந்தால் தோன்றும் எச்சரிக்கையும் தமிழில் இருக்க வேண்டும். அதுவும் படித்தால் விளங்கும் தமிழாக இருக்க வேண்டும். அரசாங்கப் படிவங்களின் தமிழைப் படித்துவிட்டு, விளங்குவதற்காக ஆங்கிலப் படிவத்தைத் தேடியெடுத்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

மொழி மாத்திரமன்றி, பயன்படுத்துவோரின் வாழ்க்கை முறையும் கவனத்திற் கொள்ளப்பட வேண்டும். இஸ்லாமிய வங்கி முறையில் முதாரபா வைப்பு வைத்திருக்கும் முஸ்லிம் வர்த்தகர் ஒருவருக்குக் கிடைப்பது இலாபப் பங்காகும். அதனை வட்டி என்று அவர் கருதுவதில்லை. 'வட்டி' என்று தலைப்பிடப்பட்ட பெட்டியைக் கண்டதும் அவர் தயங்குவது இயல்பே. சகாத்தாக ஏழைகளுக்குக் கொடுத்த தொகையைக் கழிக்க முடியுமா என்ற கேள்வியும் அவருக்கு எழும். அனுமதிக்கப்பட்ட அறநிலையம் ஒன்றுக்குப் பணமாக வழங்கப்பட்ட நன்கொடைக்கே, அதுவும் ஒரு வரையறைக்குட்பட்டு, கழிவு உண்டு என்பதைக் கேள்வி எழும் அந்த இடத்திலேயே சொல்லும் கருவிதான் நல்ல கருவி. இதனை ஒரு சமூகத்துக்கான சலுகையாக எவரும் பார்க்க வேண்டியதில்லை. வாடகைக்கு வீடு கொடுத்திருப்பவருக்கு வாடகையில் 25 சதவீத நிவாரணம் பற்றி நினைவூட்டுவதும் இதே வகையைச் சேர்ந்ததே.

இவற்றையெல்லாம் சந்தை தானாகவே வழங்கிவிடும், அரசு ஒதுங்கி நிற்கலாம் என்ற வாதம் நம் நாட்டிலும் எழக்கூடும். அவ்வாறு செய்து பார்த்த நாடு அமெரிக்கா. அதன் கதை விரிவாக அறியத்தக்கது.

2002 இல் அந்நாட்டு வரித் திணைக்களம் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பொன்றுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. குறைந்த, நடுத்தர வருமானம் பெறுவோருக்கு நிறுவனங்கள் இலவசமாக மென்பொருள் வழங்கும். அதற்குப் பதிலாக அரசு தனக்கென ஒரு மென்பொருளை உருவாக்காது. கேட்பதற்கு நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் தகுதி பெற்றிருந்தும் அதனைப் பயன்படுத்தியோர் மிகச் சொற்பம். காரணம் 2019 இல் வெளிவந்தது. டேர்போடாக்ஸ் என்னும் பிரபல மென்பொருளின் உரிமையாளரான இன்டூயிட் நிறுவனம், இலவசச் சேவைக்குரிய பக்கம் இணையத் தேடலில் அகப்படாதவாறு செய்திருந்ததைப் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. 'இலவசம்' என்ற விளம்பரத்தை நம்பி வந்தவர்கள், பாதி விவரங்களை நிரப்பிய பின்னர் கட்டணப் பக்கத்தில் போய் நின்றனர். 2022 மே மாதம் 50 மாநிலங்களுடனும் செய்துகொண்ட இணக்கப்பாட்டின்படி அந்நிறுவனம் 14 கோடி 10 இலட்சம் டொலரைச் செலுத்த ஒப்புக்கொண்டது; தவறேதும் செய்ததாக அது ஏற்றுக்கொள்ளவில்லை. அரசு மென்பொருள் உருவாக்காது என்ற வாக்குறுதியோ 2019 டிசம்பரிலேயே உடன்படிக்கையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

அதன் பின்னரே, 2024 இல், 'டிரெக்ட் ஃபைல்' என்ற அரசின் சொந்த மென்பொருள் 12 மாநிலங்களில் பரீட்சார்த்தமாக அறிமுகமானது. ஆங்கிலம், ஸ்பானிய மொழி ஆகிய இரண்டிலும் அது இயங்கியது. முதலாண்டில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பேரளவில் அதனைப் பயன்படுத்தினர். 2025 இல் அது 25 மாநிலங்களுக்கு விரிவடைந்தது. பயன்படுத்தியோர் தொகையும் ஏறக்குறைய இரு மடங்காகியது. ஆட்சி மாறியது. 2026ஆம் ஆண்டில் இச்சேவை இருக்காது என்று 2025 நவம்பரில் மாநிலங்களுக்கு அறிவிக்கப்பட்டது. மக்களுக்குப் பயன்பட்ட ஒன்றை மூடுவதற்கு அரசியல் விருப்பம் மாத்திரம் போதும் என்பதையும் இதிலிருந்து காணலாம்.

அரசு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் கூற வரவில்லை. இந்தியாவில் 2021 ஜூனில் இன்போசிஸ் நிறுவனத்தின் தயாரிப்பாகத் தொடங்கப்பட்ட புதிய வரி இணையத்தளம் பல வாரங்களாகச் சீராக இயங்கவில்லை. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்நிறுவனத்தின் தலைமை அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்க நேர்ந்தது. விவரத்திரட்டுக்கான கால எல்லையும் நீடிக்கப்பட்டது. நமது திணைக்களத்தின் 'ராமிஸ்' கட்டமைப்பும் பாராளுமன்றக் குழுக்களின் கண்டனத்துக்குப் பல தடவைகள் உள்ளானதே. வேறுபாடு என்னவெனில், அரசின் கருவி பழுதடைந்தால் அமைச்சரைக் கேட்கலாம். தனியார் செயலி பழுதடைந்தால் வேறு செயலியைத் தேடுவதைத் தவிர வழியில்லை.

ஆகவே திணைக்களம் இன்று செய்யவேண்டியது புதிதாகக் கோடிகளைக் கொட்டுவதன்று. தொழில்தருநர் கழிக்கும் முற்பணத் தனிநபர் வருமான வரியின் விவரங்கள் அதன் கைக்கு வருகின்றன. வங்கிகள் பிடித்துவைத்த வரியின் விவரங்களும் வருகின்றன. தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் தொகைகளை விவரத்திரட்டில் முன்கூட்டியே நிரப்பிக் காட்டி, சரியா பிழையா என்று மும்மொழியிலும் கேட்டால், மேலே குறிப்பிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை அரை மணி நேரத்தில் தமது வேலையை முடித்துக்கொள்வார். அவுஸ்திரேலியா இதனைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகின்றது. தனியார் மென்பொருட்களைத் தடைசெய்ய வேண்டியதுமில்லை. எந்த மதிப்பீட்டு ஆண்டுக்கு அவை சரியான விடை தருகின்றன என்பதைத் திணைக்களம் பரிசோதித்துப் பட்டியலொன்றை வெளியிடலாம். கனடாவின் வரி முகவரகம் மென்பொருட்களை ஆண்டுதோறும் பரிசோதித்துச் சான்றளித்தே அனுமதிக்கின்றது.

அதுவரை தாமாகவே செய்ய விரும்புவோர் திணைக்களத்தின் கட்டணமற்ற சேவையையே முதலில் நாடுவது நல்லது. தனியார் கணிப்பானின் விடையைச் சரிபார்க்கும் துணையாக வைத்துக்கொள்ளலாம். சம்பளச் சான்றிதழும் வங்கியின் வரிக் கழிப்புச் சான்றிதழும் கையில் இல்லாமல் எந்தக் கருவியின் முன்னும் உட்காருவதில் பயனில்லை. வரியின் இறுதிக் கொடுப்பனவு செப்டெம்பர் 30 இல் முடிந்துவிடுவதால், நவம்பர் வரை காத்திருப்பதும் புத்திசாலித்தனமன்று.

அமெரிக்கக் கதையில் இன்னொரு பகுதி உண்டு. டிரெக்ட் ஃபைல் மென்பொருளின் மூலக்குறியீட்டின் பெரும்பகுதியை அந்நாட்டு வரித் திணைக்களம் 2025 இல் எவரும் பார்வையிடக்கூடியவாறு இணையத்தில் வெளியிட்டது. அவர்களுடைய வரி வீதம் நமக்குப் பொருந்தாது. ஆனால் சாதாரண மனிதரிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்வியை மாத்திரம் எளிய மொழியில் எவ்வாறு கேட்பது என்பது அதில் இருக்கின்றது. மொறட்டுவையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒலுவிலிலும் கணினி கற்கும் மாணவர்களிடம் திணைக்களம் அதனை ஒப்படைத்துப் பார்க்கலாம்.