பச்சை ஸ்பாஞ்ச் வேண்டாம்

தங்கச்சியின் கல்யாணம் முடிந்த இரவு மணவறையைப் பிரித்தது நான்தான். பூக்கள் வாடியிருந்தன. அவற்றைக் குத்தி வைத்த பச்சை ஸ்பாஞ்ச் மட்டும் வாடவில்லை. மூன்று கறுப்புப் பைகள் நிறைந்தன.

அது பிளாஸ்டிக். நுண்துகளாக உதிரும், மக்காது. அதனால்தான் செல்சி மலர்க் கண்காட்சியை நடத்தும் ஆர்.எச்.எஸ்., 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதற்குத் தடை போட்டது. 1930களிலேயே லண்டனில் கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை கோழிக்கூட்டு வலையைச் சுருட்டிச் சாடிக்குள் வைத்து, காட்டுச் செடிகளையும் கேல் இலைகளையும் அழகாக நிறுத்திக் காட்டினார்.

அம்மம்மாவுக்கு வாழைமரமும் குருத்தோலைத் தோரணமும் போதும். நாங்கள்தான் அதை 'ஊர் ஸ்டைல்' என்று ஒதுக்கினோம்.

நிறம் பீச்சா, மோக்காவா? அது உங்கள் விருப்பம். ஆனால் பூவைத் தாங்கப்போவது எது என்று அலங்காரக்காரரிடம் முதலில் கேளுங்கள்.