பதினாறில் ஒன்று

அமெரிக்காவின் கோர்ன் பாம்பை வளர்ப்பவர்கள் முட்டை பொரிக்கும் முன்பே நிறக்கணக்குப் போடுகிறார்கள். கருமை இல்லாத செம்பாம்பையும் செம்மை இல்லாத கரும்பாம்பையும் இணை சேர்த்தால், குட்டிகள் எல்லாம் சாதாரண நிறத்தில்தான் வரும். ஏமாற வேண்டாம், இரண்டு குறைகளும் உள்ளே ஒளிந்திருக்கும். அந்தக் குட்டிகளையே மறுபடி இணைத்தால், பதினாறுக்கு ஒன்று என்ற வீதத்தில் பனிவெள்ளைக் குட்டி எதிர்பார்க்கலாம். மெண்டல் பட்டாணியில் கண்ட அதே 9:3:3:1. ஆனால் வீதம் வாக்குறுதி அல்ல. 16 முட்டையில் ஒரு வெள்ளைக்குட்டிகூட வராமல் போக சுமார் 36 சதவீத வாய்ப்பு உண்டு. விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

இந்த விளையாட்டை நான் பழிக்கவில்லை. கூண்டிலேயே பிறந்து வளரும் பாம்பு காட்டிலிருந்து எதையும் பறிப்பதில்லை. என் கோபம் காட்டிலிருந்தே பறிப்பவர்கள்மீது. இலங்கையின் ஹுன்னஸ்கிரியவில் கண்டி–மஹியங்கனை வீதியை விட்டுத் திரும்பி, கோர்பட்ஸ் கேப் வழியாக மீமுரேக்குப் போனால் நக்கிள்ஸ் மலை. மூக்கில் இலை முளைத்தாற்போன்ற ஓணான் உலகில் இங்கு மட்டும்தான் இருக்கிறது. அதன் விசித்திரத்துக்காகவே வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தையில் அதற்கு விலை. 2019இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு அதை முதலாம் இணைப்பில் சேர்த்துப் அந்த வணிகத்துக்குத் தடை போட்டது. தடை காகிதத்தில் இருக்கிறது. ஓணான் மரத்தில் இருக்கிறது. மீமுரே போகிறவர்களே, படம் எடுங்கள், ஆனால் எடுத்த இடத்தை முகநூலில் போட்டுக் கடத்துகிறவர்களுக்கு வழிகாட்டாதீர்கள்.