மன்னார்க் காற்றும் ஊரார் வாக்கும்

அயல்நாட்டில் தொழில் நடத்தப் புறப்படும் நம் நாட்டுக் கம்பெனிகளும், அவற்றுக்குப் பக்கபலமாக நிற்கும் டில்லி ராஜாங்கத்தாரும் மன்னார்த் தீவில் நடந்த சங்கதியை ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்திக் கூறுகிறோம். இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே இருப்பது சிறு கடல். இங்கே வீசும் காற்றுத்தான் அங்கேயும் வீசுகிறது. இங்கே பேசும் பாஷைதான் அங்கேயும் பேசப்படுகிறது. அப்படியிருந்தும் 484 மெகாவாட் மின்சாரம் எடுப்பதற்காகச் செய்யப்பட்ட பெரிய ஏற்பாடு ஒரு விளக்கைக்கூட ஏற்றாமல் முடிந்து போயிற்று.

நேயர்களின் ஞாபகத்துக்காக வரலாற்றைச் சுருக்கிச் சொல்லுகிறோம். மன்னாரில் 250 மெகாவாட்டும், வடக்கே பூநகரியில் 234 மெகாவாட்டுமாகக் காற்றாலைகள் நிறுவ அதானி கிரீன் எனர்ஜி கம்பெனிக்கு இலங்கை ராஜாங்கம் 2023 பிப்ரவரியில் அனுமதி அளித்தது. முதலீடு 44 கோடியே 20 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். 2024 மே மாதத்தில் 20 வருஷ காலத்துக்கு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலையை மந்திரி சபை ஒப்புக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பரில் ஆட்சி மாறிற்று. புதிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் மந்திரி சபை 2025 ஜனவரியில் அந்த விலையை ரத்துச் செய்தது. பிப்ரவரி 12-ஆம் தேதி, தாங்கள் விலகிக் கொள்வதாகக் கம்பெனியார் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தில் ஒரு விஷயம் நம் கவனத்தைக் கவர்ந்தது. ராஜாங்கம் நியமித்த கமிட்டியோடு 14 தடவை பேச்சு வார்த்தை நடத்தியதாகக் கம்பெனியார் அதிலே சொல்லியிருந்தார்கள். பதினான்கு தடவை! நல்லது. கொழும்பிலே விலையைப் பற்றிப் பதினான்கு தடவை பேசியவர்கள், பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் கரைவலை இழுப்போருடைய வாடிகளில் எத்தனை தடவை உட்கார்ந்தார்கள்? கடிதத்திலே அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கமிட்டியோடு பேசுவது காரியம், ஊரோடு பேசுவது உபசாரம் என்ற நினைப்பே இந்த மாதிரி முயற்சிகளையெல்லாம் பீடித்திருக்கும் வியாதி என்பது நமது அபிப்பிராயம்.

நாம் காற்றாலைகளுக்கு விரோதிகள் அல்லோம். 2022-ஆம் வருஷத்தில் எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் ஒரு நாளில் 13 மணி நேரம் இருட்டில் கிடந்த தேசம் இலங்கை. அத்தேசம் 2030-க்குள் தன் மின்சாரத்தில் 70 சதவீதத்தைக் காற்று, வெயில், நீர் முதலியவற்றிலிருந்து எடுக்கத் தீர்மானித்தது முற்றிலும் நியாயமே. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் பரீட்சார்த்தமாகச் சில காற்று யந்திரங்களை நாட்டிய நமது மாகாணம், இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகளை உடையதாயிருக்கிறது. தியாகராய நகரில், பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் இரவைப் பகலாக்கும் வெளிச்சத்தில், ஆடி மாதத்தில் ஒரு பங்கு ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதும் நாம் காற்றை நிந்திக்க முடியுமா?

ஆனால் மன்னார் எப்படிப்பட்ட இடம்? சின்னஞ்சிறு மணல் தீவு. கடல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த நிலம், பனங்காடு, இருபுறமும் மீன்பிடி துறைகள். வடதேசங்களிலிருந்து ஆண்டுதோறும் வலசை வரும் பறவைகள் அவ்வழியாகத்தான் இலங்கைக்குள் நுழைகின்றன. ஜலசந்திக்கு அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் சர்வதேச ராம்சார் ஜாபிதாவிலே சேர்க்கப்பட்டது. இந்தத் தீவின் தென்கரையில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனைக் கொண்டு 103.5 மெகாவாட் சக்தியுள்ள 30 காற்று யந்திரங்களை மின்சார சபையார் நிறுவி, 2020 டிசம்பரில் தம்பபவனி என்று பெயர் சூட்டித் திறந்து வைத்தார்கள்.

அதற்குப் பிறகு தீவு வாசிகள் சொல்லி வருவது என்ன? யந்திரங்களுக்காகப் போட்ட பாதைகள் மழைத் தண்ணீரைக் கடலுக்குப் போகவொட்டாமல் தடுக்கின்றன. வீடுகளில் வெள்ளம் நிற்கிறது. கரையோரத்தில் மீன் படவில்லை என்கிறார்கள். இது மெய்யா, பிரமையா என்று தீர்ப்புச் சொல்ல நாம் இஞ்சினீயர் அல்லோம். ஆனால் ஒன்று சொல்லுவோம். முதல் முப்பது யந்திரங்களைப் பற்றிய முறையீட்டுக்கு ஊரார் திருப்தியடையும்படி பதில் கிடைக்காத நிலையில், மேலும் ஐம்பது யந்திரங்களோடு வேறொரு கம்பெனி வந்து நின்றால், பழைய கடன் புதிய கம்பெனியின் தலையில்தான் விழும். இல்மனைட் மணலை அள்ளுவதற்கும் அதே தீவை அந்நியக் கம்பெனி ஒன்று ஆராய்ந்து வந்தது. மணலும் போகும், மனையும் போகும் என்று ஜனங்கள் ஐயுற்றதில் ஆச்சரியம் என்ன? கடைசியில் சுற்றுச்சூழல் சங்கத்தாரும் மன்னார் மேற்றிராணியாரும் சுப்ரீம் கோர்ட்டின் படியேறினார்கள்.

பெரிய கம்பெனிகளிலே இப்போது செய்தித் தொடர்புக்கென்று தனி இலாகாவே இருக்கிறது. பளபளக்கும் காகிதத்தில் புஸ்தகம் அச்சிடுவார்கள். யந்திரத்தின் கீழே சிரிக்கும் குழந்தையைப் படம் பிடிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பை கொடுப்பார்கள். அதையும் படம் பிடிப்பார்கள். இவையெல்லாம் பங்குதாரர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் சொல்லும் சமாசாரம். நமது பேட்டையில் தெருவைத் தோண்டும்போதெல்லாம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு பலகை நடுவது வழக்கம். பள்ளம் வெட்டிய பிறகுதான் பலகை வரும். அயல்நாட்டுத் தொழில் முயற்சிகளில் நடக்கும் செய்தித் தொடர்பு பெரும்பாலும் அந்தப் பலகை ஜாதியைச் சேர்ந்தது. எதிர்த் தரப்பாரைக் கேளாமல் முடிவு செய்யலாகாது என்பது வக்கீல் தொழிலில் அரிச்சுவடி. சுற்றாடல் அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து, 30 நாளைக்குள் ஆக்ஷேபணை தெரிவிக்கலாம் என்று இலங்கைச் சட்டமும் சொல்லுகிறது. பொறியியலும் பறவை நூலும் நிரம்பிய ஒரு பெரிய கிரந்தத்தை, விடியற்காலையில் கடலுக்குப் போகிறவன் 30 நாளில் படித்து ஆக்ஷேபணை எழுத வேண்டும் என்பது கேட்டதாகுமா, கேட்டதாகப் பேர் பண்ணியதாகுமா?

இது இந்தியக் கம்பெனி என்பதால் வந்த துவேஷம் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். 2025 ஆகஸ்டில் நடந்தது அவர்களுடைய வாயை அடைத்துவிட்டது. அப்போது மன்னாருக்குக் காற்றாலைச் சாமான்களை ஏற்றி வந்தது இலங்கைக் கம்பெனிகளின் வேலைக்காக. ஊரார் இரவும் பகலும் வீதியில் நின்று வண்டிகளை மறித்தார்கள். ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைக்கும்படி ஜனாதிபதி உத்தரவிட்டார். அந்த மாதம் கழிந்தபின், செப்டம்பர் கடைசியில், போலீஸ் காவலோடு சாமான்கள் தீவுக்குள் கொண்டு போகப்பட்டன. கைகலப்பும் காயமும் ஏற்பட்டன. மன்னாரில் ஹர்த்தால் நடந்தது. ஜனங்களின் பேரால் ஆட்சிக்கு வந்தவர்களும் ஊரைக் கேட்பதை விட்டுவிட்டுத் தடியைத் தேடியது வருந்தத்தக்கது.

கேட்டால் காரியம் நடக்குமா, கால விளம்பம்தானே மிஞ்சும் என்பார்க்கு டென்மார்க் தேசத்துச் சங்கதி ஒன்றை எடுத்துக் காட்டுகிறோம். கோபன்ஹேகன் நகரத்துக்கு எதிரே மிடில்குருண்டன் என்ற கடல் திட்டில் மூன்று வரிசையாக 27 காற்று யந்திரங்கள் நாட்ட முதலில் உத்தேசித்தார்கள். நகரத்தாரின் அபிப்பிராயத்தைக் கேட்டபோது ஆக்ஷேபணை எழுந்தது. மூன்று வரிசையைக் கைவிட்டு, வில் போல் வளைந்த ஒரே வரிசையில் 20 யந்திரங்களாகக் குறைத்தார்கள். 2000-ஆம் வருஷத்தில் வேலை முடிந்தது. அதில் பாதி, 8,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் பங்கு போட்டுச் சேர்ந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து! பிற்பாடு, காற்றாலைக்கு 4.5 கிலோமீட்டருக்குள் குடியிருப்போருக்குக் குறைந்தது 20 சதவீதப் பங்கை விலைக்கு அளிக்க முன்வர வேண்டும் என்று அத்தேசம் சட்டமே செய்து பல ஆண்டுகள் அமல் நடத்திற்று. மாறாக, கீன்யா தேசத்தில் கினாங்கோப் என்னுமிடத்தில் 60 மெகாவாட் காற்றாலைத் திட்டம் குடியானவர்களின் எதிர்ப்பால் 2016-இல் அடியோடு கைவிடப்பட்டது. எது கால விளம்பம்?

பிரசாரத்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நாம் சொல்லுவதாக யாரும் கொள்ள வேண்டாம். மன்னார்த் திட்டம் டெண்டர் இல்லாமல் கொடுக்கப்பட்டது. போட்டி டெண்டர் அவசியமில்லை என்று 2022 ஜூனில் மின்சாரச் சட்டத்தையே திருத்தினார்கள். டில்லியின் நிர்ப்பந்தத்தால் கொடுக்கப்பட்டதென்று மின்சார சபையின் தலைவர் பாராளுமன்றக் கமிட்டியின் முன் சொன்னார்; உடனே அச்சொல்லை வாபஸ் பெற்றார்; பிறகு பதவியை விட்டார். அவர் சொன்னது மெய்யல்லவென்று அப்போதைய ஜனாதிபதி மறுத்தார். அதே மன்னாரில் போட்டி டெண்டர் மூலம் 50 மெகாவாட்டுக்கு 4.65 சென்ட் விலை கிடைத்ததைக் கண்டவர்கள் 8.26 சென்டை எப்படி ஜீரணிப்பார்கள்? மூடிய அறைக்குள் செய்த உடன்படிக்கையை எந்தச் சாமர்த்தியசாலியாலும் ஊர்ச் சாவடியில் நியாயப்படுத்த முடியாது.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் எடுக்க இந்திய ராஜாங்கம் 1 கோடியே 10 லட்சம் டாலர் நன்கொடை அளித்து, 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை ஒப்படைக்கப்பட்டது. முன்பு சீனக் கம்பெனிக்குப் போயிருந்த வேலை அது. சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பிலிருந்தபடியே ஆரம்ப விழா நடத்தினார்கள். 2006-இல் யுத்தத்தால் ஊரை விட்டோடி, 2015-க்குப் பிறகே பலர் திரும்பிக் குடியேறிய ஊர் சம்பூர். அங்கே நிலக்கரி மின் நிலையம் வைக்க இந்தியா செய்த பழைய ஏற்பாடு 2016-இல் கைவிடப்பட்டதும் நேயர்கள் அறிந்ததே.

இவற்றில் செலவாவது நம் வரிப்பணம். பேர் நம் தேசத்தினுடையது. வடகடல் மீனவன் இந்தியாவை எந்த உருவில் அறிந்திருக்கிறான் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரவிலே வந்து அவன் வலையை அறுத்துப் போகும் நமது இழுவைப் படகாகவே அவன் நம்மை அறிவான். இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்த பின்னும் நம் படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அப்படிப்பட்டவனிடம் சிரிக்கும் குழந்தையின் படத்தோடு போனால் அவன் என்ன நினைப்பான்?

ஆகவே டில்லியாருக்கு நாம் சொல்லுவது இது. உடன்படிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு ஊர் வாசக சாலைகளில் வையுங்கள். எத்தனை யந்திரம், எந்த நிலம், என்ன விலை, எத்தனை பேருக்கு வேலை என்பது அதில் இருக்கட்டும். தமிழ் தெரிந்த பொறுப்புள்ள உத்தியோகஸ்தர் ஒருவரைச் சம்பூரிலேயே குடியிருக்கச் செய்யுங்கள். கொழும்பு ஹோட்டலில் அல்ல. மீனவர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் எழுதிக் கொடுக்கும் ஆக்ஷேபணைக்கு எழுத்து மூலம், குறித்த தேதிக்குள், பதில் கொடுக்க அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். இடத்தை மாற்றலாம், யந்திரத்தைக் குறைக்கலாம் என்று சிபாரிசு செய்யவும் அதிகாரம் வேண்டும். இல்லையேல் அவர் வெறும் தபால்காரர். காற்றின் வேகத்தை அளக்கச் சென்னைப் பள்ளிக்கரணையில் 1998 முதல் ஒரு ஸ்தாபனம் வைத்திருக்கிறோம். ஓராண்டு முழுவதும் காற்றை அளந்த பிறகே ஓரிடத்தில் யந்திரம் நாட்டுகிறார்கள். அந்த ஓராண்டில் ஊராரையும் கேட்டு முடிக்கலாம். தனியாகக் காலம் பிடிக்காது.