நாளைய ஆலயத்தில் தமிழ் ஒலிக்குமா?

நியூசிலாந்தின் 2023ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 51.6 வீதத்தினர் தமக்குச் சமயம் இல்லை என்றனர், கிறித்தவர் 32.3 வீதத்தினரே. ஒக்லாந்தில் திருச்சபையின் எதிர்காலம் பெருமளவில் பசிபிக் தீவினரையும் எம்போன்ற புலம்பெயர்ந்தோரையுமே சார்ந்துள்ளது. ஆயினும் தமிழ் அறியாப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஆராதனை வெறும் ஓசையே. அவர்கள் விலகிச் சென்றால் எமது சபைகள் ஒரு தலைமுறையுடன் முடிவுறும்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் தமிழைக் கற்றார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. அந்நியர் ஒருவரால் இயன்றது எம் பிள்ளைகளால் இயலாதா?

பெற்றோரே, பிரசங்கத்தின் விளக்கம் ஆங்கிலத்திலும் அமையட்டும். வேதவாசிப்பையும் மன்றாட்டையும் தமிழில் நடத்தும் பொறுப்பை இளையோரிடம் ஒப்படையுங்கள். இளையோரே, சபை நிருவாகத்தில் உங்களுக்குரிய இடத்தைக் கேளுங்கள். பொறுப்பேற்றவர்கள் எளிதில் விலகார்.